அட்டையில் இல்லாத ஊதா

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதைக்குக் காரணம் உத்வேகம் அல்ல, ஒரு தவறு. செய்தவன் நான். கடல்வள அலுவலகத்தில் இரவுப் பணியில் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். (முதல் வரைவில் "மனசாட்சி உறுத்தியதால் விட்டேன்" என்று இருந்தது. பகலில் தூக்கம் வரவில்லை, அதனால் விட்டேன்.)

தொடக்கமாக இப்படி எழுதினேன்: "நீலக் கடலின் மடியில் பவளங்கள் கனவு கண்டு..." பவளம் கனவு காணாது. அது ஒரு பிராணி. உள்ளே குடியிருக்கும் பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. தண்ணீர் சூடேறினால் பவளம் பாசியைத் துரத்திவிட்டு, வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். இதில் மடி எங்கே வந்தது?

2

கதாநாயகி பவளம் அளப்பவள். அலுவலகத்தில் அவளுக்கு "அட்டைக்காரி" என்று பெயர். கடலுக்குள் முங்கி, பவளத்தின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் பிடிப்பாள். அட்டையில் ஆறு கட்டங்கள்: 1 வெள்ளை, 6 அடர்பழுப்பு. பொருந்தும் எண்ணைக் குறிப்பாள். நாற்பது பவளங்களின் சராசரி மூன்றுக்குக் கீழே போனால், சூடு தணியும்வரை அந்தப் பவள மேட்டுக்குப் படகுகள் போகக் கூடாது. உத்தரவு போட்டுக் கடலைக் குளிர வைக்க முடியாது. காய்ச்சல்காரர் கட்டிலில் நங்கூரம் போடாமலாவது இருக்கலாம்.

(அவளுக்கு ஒரு காதலன் தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம். படகு வைத்திருக்கும் அவள் அக்கா கணவர் போதும்.)

அந்த வாரம் பதினெட்டுப் பவளங்களுக்கு 2 போட்டாள். மீதி இருபத்திரண்டும் மின்னும் ஊதா.*

* சில பவளங்கள் வெளுப்பதற்கு முன் இப்படி மின்னும். வெயில் தாங்காமல் பிடிக்கும் குடை அது. நாம் குடையைப் பார்த்து "என்ன அழகு" என்போம்.

அட்டையில் ஊதா இல்லை. அதனால் படிவத்தில் "ஊதா" என்றே எழுதினாள். நேர்மையான பெண். கணினிக்கு இப்படிப்பட்டவர்கள்தான் தொல்லை.

3

கணினி 1 முதல் 6 வரைதான் ஏற்கும். "ஊதா" என்று அடித்தால் சிவப்புக் கோடு போடும். ஊதா அடர்நிறம். அடர்நிறம் என்றால் 6. இருபத்திரண்டு முறை 6 அடித்தேன். சராசரி 4.2. மேடு நலம்.

இரண்டு நாளில் தொலைபேசி.

"தம்பி, ஊதான்னு எழுதியிருந்தேனே, எங்க போச்சு?"

"அக்கா, அது ஊதாவ வாங்க மாட்டேங்குது."

"அதுக்கு?"

"கிட்டத்துல இருக்கிறதப் போட்டேன்."

"சாகக் கெடக்கிறதுக்கு முழு மார்க்கா? நல்லா இருக்குப்பா உன் கிட்டம்."

(இந்த இடத்தில் என் நெஞ்சில் ஏதாவது குத்தியிருக்க வேண்டும். டீ குடிக்கப் போனேன்.)

4

அவள் அக்கா கணவருடையது கண்ணாடித் தளம் போட்ட சுற்றுலாப் படகு. அறிக்கை வெளிவந்த மறுநாளே பேனர் அடித்துவிட்டார்: "கடல் பூத்திருக்கிறது! அரசு அளவீடு 4.2!" அவள் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், அது பூக்கல. நோவுல இருக்கு."

"உங்க ஆபீஸ் பேப்பர்தானம்மா சொல்லுது. நானா சொன்னேன்?"

"அந்தப் பேப்பர் தப்பு."

"அப்ப சரியான பேப்பரக் கொண்டா, படகக் கட்டிப்போடுறேன். மச்சினிச்சி சொன்னான்னு நிறுத்தினா நாலு பேர் சிரிப்பான்."

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்ட போடுங்க," என்றாள் அக்கா.

இவரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஆனால் மனுஷன் கேட்டது சரியான காகிதம். மீசையை எடுத்துவிட்டேன்.

5

"சார், அறிக்கையத் திருத்தணும்."

"தாராளமா." அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். "'என் அளவீடு தவறு'ன்னு கையெழுத்துப் போடுங்க."

"நான் அளந்தது சரி சார். ஏத்தினதுதான் தப்பு."

"ஏத்தினது தப்புன்னு சொல்ல ஃபார்ம் இல்லையேம்மா."

"ஏத்தின ஆளையே எழுதித் தரச் சொல்றேன்."

"அவன்தான் வேலைய விட்டுட்டானே. செல்லாது."

"நான் கையெழுத்துப் போட்டா?"

"புது எண் ஏறும். மேட்ட மூடிடுவோம். தப்பா அளந்தவங்களுக்கு ஒரு வருஷம் முங்க அனுமதி கிடையாது. அது ரூல்."

"போடலன்னா?"

"ரெண்டு மாசத்துல அடுத்த அளவீடு வருதுல்ல, அப்பப் பாத்துக்கலாம்."

அந்த இரண்டு மாதம்தான் வருடத்திலேயே சூடான மாதங்கள். அவருக்கும் தெரியும். சுவரில் அவர் தலைக்கு மேலேயே கடல் வெப்ப வரைபடம் மாட்டியிருந்தது.

6

முடிவுகள்.

அ) அதிகாரி மனம் மாறுகிறார். [அடித்துவிட்டேன். நான் எழுதுவது மாயாஜாலக் கதை அல்ல.]

ஆ) மேடு வெளுக்கிறது. அவள் கடலடியில் அழுகிறாள், கண்ணீர் கடலோடு... இதைப் பத்திரிகைகள் பிரியமாக வாங்கும். அவளிடமே படித்துக் காட்டினேன்.

"தண்ணிக்குள்ள அழுதா கண்ணாடிக்குள்ளேயே தேங்கும் தம்பி. அப்புறம் மீனுகூடத் தெரியாது. என்னை அழ வைக்காத."

"அப்ப என்னதான்க்கா செய்வீங்க?"

"நீதானே கதை எழுதுற? நீ சொல்லு."

இ) உண்மையாக அளந்ததைப் பொய் என்று கையெழுத்திடுகிறாள். மேடு மூடப்படுகிறது, பிழைக்கலாம். ஆனால் அந்த ஒரு வருடம் அவளுக்குப் பதிலாக அளக்க வருபவர் அட்டையில் இல்லாத நிறத்தைப் பார்க்கவே மாட்டார்.

ஈ) கையெழுத்திடவில்லை. அவள் அளவீடு சுத்தம். பவளம் வெள்ளை.

இ-யா ஈ-யா என்று மூன்று வாரம் மாற்றி மாற்றி எழுதினேன். எதை எழுதினாலும் மறுபடியும் அவள் படிவத்தை நானே நிரப்புவது போல இருந்தது. இருபத்திரண்டு முறை செய்தது போதும்.

இப்போது திருத்தப் படிவம் அவள் மேசையில் இருக்கிறது. ஊதா இதிலும் ஏறாது; வெளுக்கப்போகிறவைதானே என்று இருபத்திரண்டு கட்டங்களிலும் 1 போட்டுவிட்டாள். கையெழுத்துக் கோடு காலி. மீதியை நீங்கள் எழுதுங்கள். சாவகாசமாக வேண்டாம். மேட்டில் இன்று காலை தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி. எட்டு மணிப் படகுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.