நனைத்த சாக்கு

தெருமுனைக் குப்பைமேட்டுக்கு வாரம் ஒருமுறை யாராவது தீ வைப்பதும், தெருவே இருமிக்கொண்டு கிடப்பதுமாக இருந்தது சிவகாசியில் அந்தத் தெரு. அந்த வழக்கத்தை ஒழித்துக் கட்டியவள் சின்னத்தாய். மகளிர் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். மக்குகிற குப்பையையும் மக்காததையும் பிரித்துப் போட வைத்தாள். மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையைக் கேட்டு வாங்கி, அட்டை, பிரஸ் காகிதம், பிளாஸ்டிக் என்று தரம் பிரித்துக் கட்டி அனுப்பினாள்.

ஊர் நன்மைக்கு என்று கூட்டத்தில் அவள் சொன்னது பாதி உண்மை. புருஷனை இழந்தவளுக்கு இருப்பது மகள் பாண்டிச்செல்வி ஒருத்திதான். அவளைப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற்றக்கூடாது என்பது மீதி உண்மை. இருபது வருஷம் கம்பெனியில் திரி வெட்டியவள் அப்படி ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

"குப்ப பொறுக்குனாலும் உசுரோட பொறுக்கலாம்லா" என்பாள்.

தீபாவளி சீசன் முடிந்து ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து லோடு நிறையக் காலிச் சாக்கு வந்தது. மடிப்புகளில், மத்தாப்புக்குப் பச்சை நிறம் தரும் பச்சை உப்பும் அலுமினியத் தூளும் ஒட்டியிருந்தன. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நல்ல சாக்குகளை எரித்துத் தொலைப்பார்களே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெடிமருந்து சிந்தினால் தண்ணீர் ஊற்று என்று கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாலு குடம் தெளித்து, நெருக்கி அடுக்கி, கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு கழித்துத் திங்கள் காலை பாண்டிச்செல்வி கொட்டகையைத் திறந்து மேல் சாக்கை இழுத்தாள். குப்பென்று தீப்பிடித்துக்கொண்டது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின. முகத்திலும் பாதி.

குழுவின் வண்டிக்காரர் பெத்தணன் அப்போது வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். குப்பை வண்டியிலேயே அவளைத் தூக்கிப் போட்டு ஓட்டமாக இழுத்துப் போனவரும் அவர்தான். திரும்பி வந்தவரை அடித்துப் போலீசில் ஒப்படைத்தது தெரு. பீடியைப் பார்த்துவிட்டார்களே, அது போதாதா!

மூன்றாம் நாள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு சாக்கு அனுப்பிய கம்பெனியின் போர்மேன் நல்லசிவம் வந்தார். சின்னத்தாயை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சாக்க நனைச்சியா, தாயி?"

"ஆமாண்ணே. நல்லா நனைச்சுத்தான் அடுக்குனேன்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "திரிக்குப் போடுற கரிமருந்துக்குத்தான் தண்ணி. அலுமினியமும் உப்பும் ஈரத்தோட மூடிக் கெடந்தா தானாச் சூடேறும். இதுக்குப் பீடி எதுக்கு?"

சின்னத்தாய் உள்ளே போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பெத்தணன் அண்ணன் மேல தப்பில்ல தாயி. ஸ்டேசன்ல சொல்லிட்டு வந்துர்றேன்."

பாண்டிச்செல்விக்கு உதடு பிரியவே வலித்தது. "போகாதம்மா. ஒன்னையப் பிடிச்சு வச்சுட்டா எனக்கு யாரு இருக்கா? மாமாவே உள்ள இருந்துட்டுப் போகட்டும்."

அன்று சாயங்காலம் பெத்தணன் மனைவி சோலையம்மாள் தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்தாள். கட்டிலருகே வரத் துணியாமல் வார்டு வாசலிலேயே நின்றாள்.

"மதினி, அந்த மனுசன் செஞ்ச பாவத்துக்கு எங்க பிள்ளைகளச் சபிச்சுராதீக. சோத்துல காரமே போடல. பிள்ளைக்கு வாய் எரியாது."

சின்னத்தாய் வாயைத் திறந்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபிக்கல, மதினி. உள்ள வாங்க" என்றாள்.

சோலையம்மாள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து சோற்றைக் குழையப் பிசைந்தாள்.