சிவப்பு கிளிப்

என் வீட்டுக்காரர் பாலுசாமிக்கு மரியாதை என்பது ஒரு வியாதி. போனில் ராங் நம்பர் வந்தால்கூட, "வெச்சரட்டுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஒண்டிப்புதூரில் மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் நடத்துகிற மனுசன் இப்படிக் குழைந்தால் தொழில் விளங்குமா என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தொழில் நன்றாகத்தான் நடந்தது. அந்த மரியாதை கவிழ்த்தது வேறொன்றை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஆறு வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி பவானியில் ஒரு தடுப்பணை இருக்கிறது. அதற்கு மேலே தண்ணீர் குளம்போல அகன்று நிற்கும். அங்கேதான் அவரும் அவர் சிநேகிதர் கதிரும் ரிமோட் படகு விடுவார்கள். பொம்மைப் படகு என்று நினைத்துவிட வேண்டாம். நானும் முதலில் அப்படி நினைத்துச் சிரித்தவள்தான். ஒரு கை நீளம்தான் இருக்கும். ஆனால் உள்ளே எஞ்சின். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி முடுக்கினால், மோட்டார் பைக் போகிற வேகத்தில் போகும். சத்தம் அக்கரைத் தோட்டம் வரைக்கும் கேட்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் இவர் சட்டையில் அந்த எண்ணெய் வாசம் போகாது.

கதிர் போத்தனூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார். ஐ.டி.ஐ.யில் இவரோடு ஒரே பெஞ்சு. கதிருடைய அப்பா அங்கப்பன் என் மாமனார் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். இந்த இரண்டு சங்கதியும் ஒரே ஆளுக்கு அமைந்துவிட்டால் எங்கள் பக்கம் சிக்கல்தான். வீட்டுக்கு வந்தால் கதிர் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். இவர் உள்ளே கூப்பிடாமல் இல்லை. ஆனால் என் மாமியார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார். ஆற்றங்கரையில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அங்கே இவர் "டேய் கதிரு", அவர் "டேய் பாலு". ஒரே தூக்குப்போசியில் சாப்பாடு.

அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. இவருடைய சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது இரண்டு பேருக்கும் ரிமோட் வாங்கி வந்தான். ஒரே கடை, ஒரே மாதிரி, ஒரே அலைவரிசை. ஒருவர் படகு ஓடும்போது இன்னொருவர் தன் ரிமோட்டை ஆன் செய்தால் போதும், ஓடுகிற படகுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் என் துணிக்கொடியிலிருந்து ஒரு சிவப்பு கிளிப்பை எடுத்துப் போய் வைத்துக்கொண்டார்கள். கிளிப் யார் சட்டைப்பையில் மாட்டியிருக்கிறதோ அவர் மட்டும்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். ஒரு டேங்க் எண்ணெய் தீர்ந்ததும் அதைக் கழற்றிப் பக்கத்து ஆளுக்கு நீட்ட வேண்டும். கண்ணை ஆற்றிலிருந்து எடுக்காமலேயே கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். தோட்டத்துக்காரர் மகன் கூலிக்காரர் மகனிடம் தன் முறைக்காகக் காத்து நின்றதை நான் அந்த இடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறில் என் நாத்தனார் பிரவீனாவைத் தாராபுரத்தில் கொடுத்தோம். ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை சரவணன் தலை ஆடிக்கு வந்திருந்தார். விருந்தெல்லாம் முடிந்து, மச்சான் படகு விடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காரில் கிளம்பினோம்.

அன்றைக்குத்தான் கதிர் தன் புதுப் படகை முதல்முதலாகத் தண்ணீரில் இறக்கினார். வாங்கியது இல்லை, மெல்லிய பிளைவுட்டை அறுத்து, வளைத்து, ஒட்டி, போன மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவரே செய்தது. நீலப் பெயிண்ட். அடுத்த மாதம் பெங்களூர் ஏரியில் நடக்கும் போட்டிக்கு அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு. தன் மனைவி அன்புக்கரசியையும் அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டி வந்திருந்தார்.

கிளிப் கதிர் சட்டையில் இருந்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு அக்கரை வரை போய்த் திரும்பியது. அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதிர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவளுக்காகத்தான் ஓட்டினார், அது பார்த்தாலே தெரிந்தது.

நான் காரிலிருந்து சாப்பாட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். இவருடைய ரிமோட் ஜமக்காளத்தின் மேல் கிடந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்து ஏரியலை நீட்டினார்.

"ஏனுங்க மச்சான், இதும் அதே மாதிரிதானுங்களா?"

இவர் பார்த்துவிட்டார். எட்டிப் பிடுங்கியிருக்கலாம், கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்க இவரால் ஆகுமா?

"ஆமாங்க மாப்பிள்ளை. அது வந்துங்க, இப்பக் கதிரு ஓட்டீட்டிருக்கறான் பாருங்க, அதனால நீங்க தப்பா நெனைக்கலீன்னா கொஞ்ச நேரம்..."

அந்தப் பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளை சுவிட்சைத் தள்ளிவிட்டார். திருப்பத்தில் இருந்த படகு ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு நேராகத் தடுப்பணைச் சுவரைப் பார்த்துப் போனது. கதிர் ரிமோட் குச்சியை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். சுவரில் மோதி உடைந்ததில் எஞ்சின் தண்ணீருக்குள் போய்விட்டது. நீலத் துண்டுகள் மட்டும் மிதந்தன.

"அட, என்னங்க ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

"ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை," என்றார் இவர். "கதிருக்குக் கை தவறிப்போச்சுங்க. புதுப் படகு பாருங்க, இன்னும் பழகுல."

நான் போசியோடு அங்கே வந்து நின்றேன். மாப்பிள்ளை கையிலிருந்த ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கை எங்கீங்க தவறுச்சு?" என்று இவரைக் கேட்டேன். இவர் என்னை முறைத்தார்.

கதிரும் அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார்.

"உடுங்கக்கா," என்றார். "என்ற கைதானுங்க தவறிருச்சு."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். இவரும் கூடவே இறங்கப் போனார். "நீங்க இருங்க. வந்த ஒறம்பரையக் கவனிங்க," என்று கதிர் சொன்னதும் இவர் கரையிலேயே நின்றுவிட்டார். சாப்பாடு வீட்டுக்கே திரும்பி வந்தது.

அன்று ராத்திரி நான் சும்மா விடவில்லை.

"தெய்வா, அது பொண்ணு குடுத்த எடம். தெரியாமப் பண்ணிப்போட்டாரு. அவரு மனசு சங்கடப்படக் கூடாதில்ல?"

"கதிரு மனசுங்க?"

"அவன் நம்ம பையன். புரிஞ்சுக்குவான்."

புரிந்துகொண்டதுதான் வினை. மாப்பிள்ளைக்கு வலிக்காமல் இருக்க யார் தலையிலாவது பழியைப் போட வேண்டும், போட்டால் திருப்பிக் கேட்க மாட்டான் என்று எந்தத் தலையை இவர் மனசு ஒரு நொடியில் தேடி எடுத்தது என்று கதிருக்குப் புரிந்துவிட்டது. அதுவும் பெண்டாட்டி முன்னால். இதை நான் சொன்னபோது இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கதிர் ஆற்றுக்கு வரவில்லை. போன் செய்தால் டூட்டியில் இருப்பதாகச் சொன்னார்கள். பெங்களூர் போட்டியும் வந்து போனது. தீபாவளி முடிந்து ஒரு நாள், "போத்தனூர் போய்ட்டு வரலாமா?" என்று இவரே கேட்டார். வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்பதை ஒத்திகை பார்க்கிறார் என்று நானும் பேச்சுக் கொடுக்காமல் வந்தேன்.

"வாங்க, வாங்க, உக்காருங்க," என்று கதிர் நாற்காலி எடுத்துப் போட்டார். அன்புக்கரசி புது டம்ளரில் காப்பி கொண்டு வந்தாள். ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர் மழையைப் பற்றிப் பேசினார். கரண்ட் கட்டைப் பற்றிப் பேசினார். நான் முழங்கையால் இடித்தேன்.

"கதிரு, அன்னைக்கு..."

"காப்பி ஆறுதுங்க," என்றார் கதிர்.

இவர் காப்பியைக் குடித்தார். குடித்து முடித்ததும் கிளம்ப எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது கதிர் உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு கிளிப். இவரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினார்.

"உங்க ஊட்டுக் கிளிப்புங்கக்கா. அன்னைக்கு என்ற சட்டையோடயே வந்திருச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் அதைச் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன். எதற்கு அந்தக் கிளிப், இனி யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. படகை நன்றாகத்தான் ஓட்டினார். எண்ணெய் தீர்ந்து சத்தம் அடங்கியது. இவர் ஆற்றைப் பார்த்தபடியே கிளிப்பைக் கழற்றி, முகத்தைத் திருப்பாமல், பக்கவாட்டில் நீட்டினார்.

அந்தப் பக்கம் நான்தான் நின்றிருந்தேன். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாங்கியிருக்கலாம். ஆனால் அது எனக்கு நீட்டியது அல்ல. நான் வாங்கவில்லை. இவரும் கையை மடக்கவில்லை.