கஞ்சி போட்ட டெரிலின்

“அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க.”

உண்ணாமலை அதை வேலுமணியைப் பார்த்துத்தான் சொன்னாள். வேலுமணி வீட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய அப்பன் மாதையன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அடிப் பாவி” என்று உதட்டுக்குள் முனகினான்.

ஊருக்குத் துணி வெளுக்கிற குடும்பம் அந்த வீட்டு வாசலில் எதையும் கேட்கக் கூடாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கப் பழகின நாளிலிருந்து அவளுக்குச் சொல்லி வளர்த்தது அதுதான். சற்று முன்பு கழுதையை ஓட்டிக்கொண்டு வரும்போதும் அப்பன் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். காலையில் இதே வீட்டில் எடுத்த அழுக்கு மூட்டை இன்னும் கழுதை முதுகில்தான் இருந்தது. வெளுக்கிற துறைக்குப் போவதற்குள் இந்த வீட்டு ஆள் வந்து திருப்பிக் கூட்டி வந்துவிட்டான்.

வேலுமணிக்குப் பெண் பார்க்கக் காலையில் சேந்தமங்கலம் போயிருந்தார்கள். வைகாசி வெயில். வாடகைக் காரில் நெருக்கி உட்கார்ந்து போய் இறங்கியதும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். காப்பி கொண்டு வந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்தவள், எடுக்கவேயில்லை. அவளுடைய மாமன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். “பொறவு சொல்லி உடறோம்” என்பதோடு பேச்சு முடிந்தது. போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போனபோது வேலுமணி ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை டெரிலின் சட்டை அது. பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. வேர்த்ததும் நாற்றம் ஊரைக் கூட்டிவிட்டது.

வேலுமணியின் அம்மா சௌந்திரம் காரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டாள். மாதையன் வீட்டில் யாரோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள், அந்த வீட்டு நாற்றம்தான் துணியில் ஏறியிருக்கிறது. எல்லோரும் பார்க்கக் களத்தில் விழுந்து, தப்புத்தான் என்று மாதையன் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், ஊரான் துணியை உடுத்துகிறவன் என்ற பேர் அவன் செத்தாலும் போகாது.

“நாங்க போட்டோம்னா யாருங்க போட்டது?” என்றாள் உண்ணாமலை. “எனக்கு அண்ணனுமில்ல, தம்பியுமில்ல. எங்கப்பன் இதுக்குள்ள பூந்தா இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கும்.”

களத்தோரம் நின்றவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவசரமாக அதை இருமலாக்கிக்கொண்டான்.

“வாயைப் பாரு வாயை! பி.எஸ்ஸி. படிச்சது எங்க ஊட்டுச் சட்டையை மோந்து பாக்கறதுக்கா?” என்றாள் சௌந்திரம்.

“ஆமாங்காத்தா. அதுக்குந்தான்.”

வேலுமணி பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“டேய், கண்டவ முன்னாடி ஒடம்பைக் காட்டிட்டு நிக்காதே!”

“உடும்மா. அந்தப் புள்ள மூக்கைப் பொத்துனதை எதுத்தாப்புல உக்காந்து பாத்தவன் நானு.”

உண்ணாமலைக்கும் அது தெரிந்த சங்கதிதான். சேலத்தில் கல்லூரிக்குப் போன நாளெல்லாம் அவளிடம் இருந்தது இரண்டே நைலான் சேலை. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்துபோய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து உட்காருவாள். வெளுக்கிறவங்க வீட்டுப் பொண்ணு, துணி மட்டும் நாறுது என்று ஒருத்தி சொன்னதையும் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து சுடுதண்ணீர், சலவைச் சோடா, புளித்த மோர், எலுமிச்சை என்று எதையும் விடாமல் அந்தச் சேலையை முக்கி முக்கிப் பார்த்தாள். எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஆத்திரத்தில் கற்றுக்கொண்டது.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். அக்குள் மடிப்பை நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்வது போல் வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது.

“இது என்னங்காத்தா?”

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சௌந்திரத்தின் புருஷன் அப்புசாமி எட்டிப் பார்த்து, “கஞ்சியாட்டம் இருக்குது” என்றார்.

“கஞ்சியேதானுங்க. வேட்டின்னா கஞ்சியைக் குடிச்சுக்கும். டெரிலின் குடிக்காது, மேல பூசிக்கிட்டு நிக்கும். வேர்வையில இருக்கற பிசுக்கு அதுல ஒட்டும். அதுக்கு மேல மறுபடி கஞ்சி, மறுபடி வேர்வை. லாரி சீட்டுக்கடியில வேற மாசக்கணக்குல சுருண்டு கெடக்குது. அத்தனையும் புளிக்குமா, புளிக்காதா?” அவள் சௌந்திரத்தின் பக்கம் திரும்பினாள். “சட்டைக்குக் கஞ்சி பத்தலை, மாதையன் கஞ்சியையும் குடிச்சுப்புடறான்னு சொல்லி உட்டது நீங்கதானுங்க? எங்கப்பன் அன்னையிலிருந்து ரெட்டைக் கஞ்சி போடுது. வேண்டாம்னேன். ஆத்தா சொன்னாப் போடறதுதான்னுச்சு.”

“எல்லாம் வாயில சொல்றதுதானே” என்றாள் சௌந்திரம்.

“வெதுவெதுன்னு தண்ணி குடுங்க. செய்கையில காட்டறேன்.”

மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைக்கிற வாய் உடைந்த சட்டியில்தான் தண்ணீர் வந்தது. அவள் அதைக் கழுவிக்கொண்டாள். அப்பன் மடியிலிருந்த சோடாவை எடுத்துக் கரைத்துச் சட்டையை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் சட்டியிலிருந்து வீச்சம் கிளம்பியது. கழுவாமல் போட்ட பழைய சோற்றுப் பானையும் கழட்டிப்போட்ட பனியனும் சேர்ந்து அடித்தது போலிருந்தது. அப்புசாமி தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உண்ணாமலை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற வைத்தாள். யாரையும் கேட்காமல் கிணற்றோரத்து எலுமிச்சை மரத்திலிருந்து இரண்டு காய் பறித்து வந்து கடைசித் தண்ணீரில் பிழிந்தாள். கசக்கினாள். அலசினாள். களத்து வெயில் கட்டுத்தறிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் கலைந்து போகவில்லை.

பிழிந்த சட்டையை வேலுமணியிடம் நீட்டினாள். அவன் அக்குள் பக்கம் மூக்கை வைத்து ஒரு தடவை இழுத்தான். நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தான்.

“ஒண்ணுமே இல்லீம்மா.”

மாதையனின் முகம் இளகியது. “செரி, கஞ்சிதான்னு ஆயிப்போச்சு” என்று அப்புசாமி கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். “இனிமே போடாதே மாதையா.”

“அதெப்படி ஆயிப்போவும்?” என்றாள் சௌந்திரம். “கூப்பிட்டாச்சு, ஊரு கூடியாச்சு. விழுந்து கும்பிட்டு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவட்டும். இல்லீன்னா கஞ்சி போடச் சொன்ன நானில்ல தப்புப் பண்ணவளாயிருவேன்?”

அப்புசாமி மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கட்டில் கயிற்றை நிமிண்டிக்கொண்டே, “ஒரு கும்பிடுதானே மாதையா” என்றார். வேலுமணி ஈரச் சட்டையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தான். விரித்து முடித்த பிறகும் முகத்தைத் திருப்பவில்லை.

மாதையன் மகளின் காதருகே வந்தான். “ஒரு கும்பிடுதானே சாமி. நீ முன்னால நட. நான் விழுந்துட்டு வாரேன்.”

குமாரபாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றில் அவளை வேலைக்கு வரச் சொல்லி இரண்டு வாரமாகிறது. அப்பன் ஒண்டியாக மூட்டை தூக்குவானே என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவனுடைய முழங்கால் மடிவதைப் பார்த்தாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

விறுவிறுவென்று போய்க் கழுதை முதுகிலிருந்த மூட்டையை அவிழ்த்துத் தூக்கி வந்தாள். சௌந்திரத்தின் காலடியில் பொத்தென்று போட்டாள்.

“இதுவும் உங்களுதுதானுங்க. வெதுவெதுன்னு தண்ணி, சோடா, எலுமிச்சை. டெரிலினுக்குக் கஞ்சி வேண்டாம். பாத்துட்டுத்தானே இருந்தீங்க, இனிமே நீங்களே தோய்ச்சுக்கலாம்.”

“ஏய்! சட்டை காஞ்சதும் தேச்சு வெச்சுட்டுப் போடி!”

“எங்கப்பன் விழறதுன்னா விழட்டும். ஆனா உங்க ஊட்டு மூட்டையை ஏத்தறதுக்கு இனிமே கழுதை இருக்காது.”

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வெறும் முதுகோடு கழுதை லேசாக நடந்தது. வேலிப் படலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சௌந்திரத்தின் குரல் கேட்டது: “அவ கெடக்கறா மாதையா. நீ விழு!”

வெறுங்கால்கள் களத்து மண்ணில் வேகமாக எட்டுவைத்து வந்தன. பிறகு அப்பனின் குரல், எப்போதும் போலவே பணிவாக:

“கழுதை போவுதுங்களே, ஆத்தா.”

உண்ணாமலை நடையைக் குறைக்கவில்லை.