கட்டன் ஆறட்டும்

“பகவதி, எனக்கு ஒரு கட்டன் சாயா தருவியா?”

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பகவதி கத்தியோடு கூடத்துக்கு ஓடினாள். திரவியத்தின் குரலேதான். தம்பானூர் லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருடம் ஆட்களை அதட்டிய கனத்த குரல். பக்கவாதம் வந்த பிறகு ஐந்து மாதமாக அவள் கேட்காத குரல். ஆனால் கணவரின் வாய் மூடியிருந்தது. மடியில் கிடந்த டேப்லெட்தான் பேசியது.

“எப்படிம்மா இருக்கு?” மகள் அஸ்வதி பூரித்து நின்றாள். அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஐடி வேலை. அப்பா முன்பு அனுப்பிய வாட்ஸப் குரல் பதிவுகளையெல்லாம் கொடுத்து அதைப் பழக்கியிருந்தாள். “அப்பாக்கு என்ன வேணும்ணு அதுவே ஊகிச்சு நாலு கட்டம் காட்டும். ஒண்ணைத் தொட்டா மதி, பேசிடும்.”

“முப்பத்தோரு வருசத்துல என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காவளா உங்கப்பா? எப்பவும் ‘ஏட்டி’தான். இப்ப ‘தருவியா’வாம்!”

கேலிதான் செய்தாள். ஆனால் பால் விடாத அந்தச் சாயா கொதிக்கும்போது காது சூடேறியது. கல்யாணமான புதிதில் அவர் வாயால் தன் பெயரைக் கேட்க எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்! அன்று மாலைக்குள் அந்தக் கட்டத்தை இன்னும் மூன்று முறை அவரைத் தொடவைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஆர்ஷா அவளைத் தனியே அழைத்தாள். “சார் இப்போ வாயே திறக்கறதில்ல அம்மா. போன மாசம் ‘ஏ’ வரை வந்ததல்லே? இப்ப விட்டா, பின்னே வராது.”

ஆட்டோவில் வரும்போது பகவதி யோசித்தாள். டேப்லெட்டை மட்டும் எப்படிக் குறை சொல்வது? அது வருவதற்கு முன்பே, அவர் கண் அசைந்தால் ஃபேனைப் போட்டவள், தோள் அசைந்தால் தலையணையைத் திருத்தியவள் அவள்தானே.

நாலு மணிக்குக் கட்டனைக் கொண்டுவந்து, அவர் கைக்கு எட்டாத முக்காலியில் வைத்தாள்.

“வாயால கேளுங்க. தாறேன்.”

“அம்மா, பாவம் அப்பா! என்ன வேணும்ணு உனக்கே தெரியுமே!” என்றாள் அஸ்வதி.

“எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நிக்க அதால முடியுமாட்டி? நான் நிப்பேன். நான் கடைக்குப் போகையில அது பேசட்டும். நான் இருக்கும்போது உங்கப்பா பேசட்டும்.”

திரவியம் முறைத்தார். அடையாள அட்டை இல்லாமல் அறை கேட்டு வருபவர்களை முறைக்கும் அதே முறைப்பு. அவளும் முறைத்தாள். அவர் கட்டத்தைத் தொட்டார். “பகவதி, எனக்கு ஒரு...” அந்தக் குரலுக்கு இன்னமும் காது சூடேறியதுதான் கொடுமை. அவள் அசையவில்லை.

“கட்டன் ஆறட்டும். வேற போட்டுத் தாறேன்.”

இரண்டாவது தம்ளரும் ஆறியது. மூன்றாவதோடு அவள் வந்தபோது, அவர் இடது கையால் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ‘ஏட்டி’ வரப்போகிறது என்று நினைத்தாள். அதற்கு வாயைத் திறந்தால் போதும். ஆனால் அவருடைய உதடுகள் கோணலாக ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்து இறுக மூடிக்கொண்டன. ஒரு ‘ப’வை அடைத்துக்கொண்டதுபோல் கன்னம் காற்றில் உப்பியது.

கையில் தம்ளர் சுட, பகவதி நின்றுகொண்டே இருந்தாள்.