கொம்பு குறையாத காடு

1970 ஆடியில் தரமணி பஞ்சாட்சரத்துக்குத் தலையில் கொம்பு முளைத்தது. அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அவர் மனைவி தேவானை, துணி காயும் கொடிக்கயிறு கொம்பில் மாட்டாதபடி உயர்த்திக் கட்டினாள். எல்லாம் காட்டுக் குழுவால் வந்தது. அடையாற்றை ஒட்டிய காட்டில் புள்ளிமான்கள் பெருகி, அங்கிருந்த இன்னொரு மானினமான வெளிமான்களின் குடலை உருவிப் புதரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தன. மயிலாப்பூர் வேதாந்தம் தலைமையில் கூடிய குழு, சுடுவது, பலனைப் பார்ப்பது, அதற்கேற்பத் திட்டத்தை மாற்றுவது என்று தீர்மானித்துப் பஞ்சாட்சரத்தின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. முதலில் பெட்டைகளைச் சுட்டார். துணையிழந்த கிடாக்கள் சாலைக்கு வந்து ஒரு பால்காரரையும் அவருடைய எருமையையும் குத்திக் கொன்றன. திட்டம் மாறியது, கிடாக்களைச் சுட்டார். சுட்ட ஒவ்வொரு கிடாவின் கொம்பும் மறுநாள் அவர் தலைக்கு வந்தது, அது மேய்ந்த புல்லின் ருசி அவர் நாக்குக்கு வந்தது. செத்தது சுட்டவர்மேல் ஏறிக்கொள்ளும் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் குழம்பில் உப்பு போதவில்லை என்று தினமும் முணுமுணுப்பதை மட்டும் பஞ்சாட்சரம் விடவில்லை.

குழு பைனாகுலர் வைத்துப் பார்த்தது. காட்டில் கொம்பு குறையவேயில்லை, முக்கால்வாசி ஒரே தலையில் இருந்தது. திட்டம் மறுபடி மாறியது. தேவானை மயிலாப்பூருக்கு, வேதாந்தத்திடம் ஓடினாள்.

"சாமி, அது மான் இல்ல. என் வூட்டுக்காரரு."

"தெரியறதும்மா. ஆனா கொம்பு இருக்கே. பாதியில நிறுத்தினா பலன் எப்படித் தெரியும்?"

"உனுக்கு மொளைச்சா இன்னா பண்ணுவ?"

"அடுத்த கூட்டத்துல வெச்சுப் பார்க்கலாம்."

சுட வேறு ஆள் வராததால் வேதாந்தமே துப்பாக்கியோடு வந்தார். குறுக்கே விழுந்த தேவானையைக் குழுவினர் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். குண்டு பஞ்சாட்சரத்தின் மார்பைப் பிளந்தது. கொம்பைப் பிடித்து உடலை இழுத்துப்போனார்கள். ரத்தம் வாசலிலிருந்து காடுவரை கோடு போட்டது. தேவானை கொடிக்கயிற்றை இறக்கிக் கட்டினாள்.

மறுநாள் மதியம் வேதாந்தம் தலைநிறையக் கொம்போடு வந்து பஞ்சாட்சரம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். தேவானை மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள்.

"இன்னாமே பாத்துக்கினு கீற? சோத்தப் போடு."

அது பஞ்சாட்சரத்தின் குரல். கத்தியைக் கீழே வைக்காமலே ஒரு கையால் பரிமாறினாள். அவர் ஒரு வாய் தின்றார்.

"உப்பு கம்மியா கீது."

தேவானை கத்தியை வைத்துவிட்டு உப்பு ஜாடியை நகர்த்தினாள்.

மயிலாப்பூரிலிருந்து உறவுக்காரர்கள் ஒருமுறை வந்து பார்த்து, கொம்பு தங்கள் வீட்டு வாசலில் நுழையாது என்று திரும்பிவிட்டார்கள். பலன் போதாது என்று குழு புதுத் தலைவரைத் தேடத் தொடங்கியது. அன்று துணி துவைக்கும் நாள். தேவானை கயிற்றை மறுபடி உயர்த்திக் கட்டினாள்.