டீப்பெட்டி முதுகு

ஹட்டன் கடைவீதியில் இசை தெரிந்தவர் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது பெரியதம்பியின் முடிவு. கொழும்பில் வெள்ளைக்காரன் நடத்திய வாத்தியக் கடையில் இருபத்திரண்டு வருடம் பிடில்களையும் பியானோக்களையும் பழுது பார்த்தவர். கடை கைமாறியதும் ஊருக்கு வந்து, ஹார்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டும்போதெல்லாம் கொண்டுவந்தவனை மனசுக்குள் ஏசுவார்.

ஐம்பத்தேழாம் வருடம் புடவைக்கடை சோலைமலை அவரைக் கூப்பிட்டனுப்பினார். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் போட்டிருந்தார். மேசை, கடிகாரத்தோடு ஆளுயரப் பிடில் போன்ற டபுள் பேஸ் வாத்தியம் ஒன்றையும் சோலைமலை எடுத்து வந்து புடவை அடுக்குகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். உடம்பு முழுக்கக் கறுப்புப் பெயின்ட்.

"மாஸ்டர், உள்ள சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க. இத்தாலி. ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்திரண்டு. அப்படியே ஒரு கடுதாசியில எழுதிக் குடுத்தீங்கன்னா கொழும்பு ஓட்டல்காரங்க வந்து தூக்கிட்டுப் போவாங்க."

பெரியதம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சீத்தைத் துணிக்கும் சில்க்குக்கும் மேலே உலகம் அறியாத மனிதன் இத்தாலி என்கிறான். அவர் ஓசைத் துளை வழியே டார்ச் அடித்தார். பின்பலகையில் சீட்டு இருந்தது. அதன் ஓரத்தில், பாதி மறைந்தபடி, பி. ஓ. பி. என்று மைமுத்திரை. தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரிந்த தேயிலை ரகம். கீழ்விளிம்பைத் தடவினார், மூன்று அடுக்கு ஒட்டுப்பலகை விரலில் இடறியது.

அவர் சிரித்தார். வேண்டுமென்றே, கடையாட்கள் எல்லோரும் திரும்பும்படி சிரித்தார்.

"முதலாளி, இத்தாலிக்காரன் எரநூறு வருஷத்துக்கு முந்தியே நம்ம டீப்பெட்டியை வாங்கிட்டுப் போயிருக்கான் போல. அதுமேல சீட்டையும் ஒட்டியிருக்கான். விறகுக்கு ரெண்டு ரூபா பெறும்."

கடையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சோலைமலையின் முகம் கறுத்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயலெட்சுமி தலையைத் தூக்கினாள்.

"முன்பக்கத்தைப் பாக்கலியேங்க."

"பாக்க என்னம்மா இருக்கு? பொடவையில முந்தானை ஒண்ணு, உடம்பு ஒண்ணா இருக்கலாம். இது மரம். துணி மடிக்கிற கைக்கு இதெல்லாம் வெளங்காது."

அவள் மடித்த துணியை வைத்துவிட்டு எழுந்தாள். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்து, முன்பலகையில் ஏற்கனவே கொஞ்சம் பெயின்ட் உரிந்திருந்த இடத்தில் அழுத்தித் துடைத்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

இவளையும் ஒரேயடியாக அடக்கிவிடலாம் என்றுதான் பெரியதம்பி குனிந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை. சீப்புப் பல்லாக நெருங்கி ஓடும் ரேகை. துளை விளிம்பில் அடுக்கே இல்லை. ஒரே மரம், பழுப்பேறிய பழைய பைன். விளிம்பைச் சுற்றி நூலிழை வரி, வரைந்ததல்ல, வெட்டிப் பதித்தது. கழுத்தில் பழைய ஒட்டு, நல்ல வாத்தியத்துக்கு மட்டுமே செய்வது. சீட்டு பொய், முதுகு பொய். பூச்சி அரித்த முதுகை எடுத்துவிட்டு எந்தத் தோட்டத்துத் தச்சனோ டீப்பெட்டிப் பலகையை அடித்திருக்கிறான். மற்றதெல்லாம் இங்கிலாந்தில் நூற்றிருபது வருடத்துக்கு முன் கைதேர்ந்த ஒருவன் செய்தது.

இந்த ஆட்களுக்கு எதற்கு இது என்று தோன்றியது. அரிசி மூட்டை சாய்த்து வைப்பார்கள்.

"சரி போகட்டும் முதலாளி," என்றார் பெரியதம்பி. "ஆணி, கம்பிக்கு ஆகும். இருபத்தஞ்சு ரூபா தாறேன், நானே எடுத்துக்கிறேன்."

சோலைமலை தொல்லை விட்டது என்று தலையாட்டப் போனார். ஜெயலெட்சுமி முந்திக்கொண்டாள்.

"ரெண்டு ரூபா விறகுக்கு எதுக்குங்க இருபத்தஞ்சு?"

குரலில் கோபமில்லை. பூச்சி அரித்த சேலையை நல்லது என்று கொண்டுவரும் ஏஜென்டை அவள் பார்க்கும் பார்வை அது. அவள் துடைத்த இடத்தையே பெரியதம்பி பார்த்துக்கொண்டு நின்றார். கடையாட்கள் இப்போது வாயைப் பொத்தவில்லை.

"முதுகு மட்டுந்தான் டீப்பெட்டி," என்றார் கடைசியில். "மத்தது நல்ல சாமான். இங்கிலாந்து. இப்படியே குடுத்தா அறுநூறு போகும். சரியான முதுகு போட்டா ரெட்டிப்பு."

"அதை எழுதுங்க. இத்தாலி வேணாம். டீப்பெட்டியையும் சேத்தே எழுதுங்க. பொய் சொல்லி வித்தா திரும்பி வரும்," என்றாள் ஜெயலெட்சுமி.

"என்னா புள்ள, டீப்பெட்டின்னு எழுதினா எவன் வாங்குவான்?" என்றார் சோலைமலை.

"மரம் தெரிஞ்சவன் வாங்குவான். நீங்க சும்மா இருங்க."

பெரியதம்பி கல்லா மேசையில் குனிந்து எழுதினார். அவள் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, 'பைன்' என்ற சொல்லைத் தெளிவாக எழுதச் சொன்னாள். பிறகு அவர் வந்து பார்த்ததற்கான கூலியை எண்ணி மேசைமேல் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. டீ சொல்லவும் இல்லை.

அடுத்த மாதம் கண்டியிலிருந்து பாண்டு வாத்தியம் வாசிக்கும் பறங்கி ஒருவர் வந்து, தாளைப் படித்து, துளைக்குள் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அறுநூற்றைம்பதுக்கு எடுத்துப் போனார். ஊரே அதைப் பேசியது.

பெரியதம்பி அதன்பின் புடவைக்கடைத் தெருவில் நடப்பதில்லை. ரயில் ஸ்டேஷன் வழியாகச் சுற்றித்தான் போவார். யாராவது கேட்டால், "அந்தம்மாவுக்கு வெல தெரியும். சத்தம் தெரியாது" என்பார். கேட்டவர்கள் ஒட்டி முடித்த தங்கள் ஹார்மோனியத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.