மச்சானின் கொள்கைக் கணினி

"ஆல்பம் மென்பொருள் கம்பெனி இதை ஆதரிக்கலேன்னா என்ன மாமா? நான் இருக்கேன்ல!" என்று என் ஸ்டூடியோ கணினியில் இலவச இயங்குதளத்தை ஏற்றிவிட்டவர், இலவச மென்பொருளுக்காக மேடைதோறும் முழங்கும் என் மனைவியின் தம்பி. அன்றிலிருந்து ஆல்பம் மென்பொருள், சேமிக்கச் சொன்னாலே செத்து விழுந்தது. மாலைக்குள் ஆல்பம் போகாவிட்டால் கல்யாண வீட்டார் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார்கள். மச்சான் சொன்ன கட்டளைகளை எல்லாம் அடித்துப் பார்த்தேன். தாலி கட்டும் படம் இருந்த பக்கம்தான் காணாமல் போனது.

படங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே ஓடினேன். அங்கே கம்பெனி ஆதரிக்கும், காசு கொடுத்து வாங்கும் இயங்குதளம் உள்ள கணினியில், அதே மென்பொருளில், தன் மேடைப் படங்களை ஆல்பமாக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?"

"இது வேலைக்கு மாமா. உங்களுது கொள்கைக்கு."

அவரை நாற்காலியோடு நகர்த்திவிட்டு என் ஆல்பத்தை அங்கேயே தொடங்கினேன்.